புது மெஷின் வாங்கும் முன் பரிசு கவுண்டரைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் சார். மூன்று வருடமாக ஒரு ஷாப்பிங் மாலில் குடும்பங்களுக்கான கேம் சென்டர் நடத்துகிறோம். மொத்தம் 40 மெஷின். டிக்கெட் தரும் விளையாட்டுகள், பொம்மை பிடிக்கும் கிளா மெஷின் நான்கு, கார் ரேஸ் இரண்டு, ஏர் ஹாக்கி, சின்னக் குழந்தைகளுக்கான ரைடுகள் எல்லாம் உண்டு. விளையாட ஸ்வைப் கார்டு, பரிசுக்குப் பேப்பர் டிக்கெட். முதல் வருடம் நன்றாகப் போனது. அப்புறம் செலவைக் குறைக்கலாம் என்று எல்லாப் பரிசுகளுக்கும் டிக்கெட் எண்ணிக்கையை ஒன்றரை மடங்காக்கினோம். இப்போது சனி, ஞாயிறு பரவாயில்லை, வார நாட்களில் ஈ ஓட்டுகிறோம். ஐந்து மெஷின் ரிப்பேரில் நிற்கிறது. போன வாரம் ஒரு சிறுமி, மாதக்கணக்கில் சேர்த்த 1000 டிக்கெட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்து ரோபோ பொம்மையைக் கேட்டாள். அது இப்போது 1500. கவுண்டரில் இருந்த என் மனைவி விளக்கினார். அவளுடைய அப்பா ஒன்றும் பேசாமல் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கண்ணில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு அசையும் இருக்கையில் நான்கு பேர் உட்காரும் வி.ஆர். (மெய்நிகர்) சிமுலேட்டர் ஒன்றைக் கடனில் வாங்கினால் கூட்டம் திரும்பும் என்று தோன்றுகிறது. மேனேஜர், கிளா மெஷினை இன்னும் டைட் வைத்தால் போதும் என்கிறார். மால் நிர்வாகம் அடுத்த ஒப்பந்தத்தில் வருவாயில் பங்கு கேட்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கடன் பத்திரத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் போடாதீர்கள். உங்கள் கடிதத்தில் முக்கியமான விஷயம் வி.ஆர். மெஷின் இல்லை. இடையில் ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்களே, டிக்கெட் எண்ணிக்கையை ஒன்றரை மடங்காக்கினோம் என்று, அதுதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஆட்டத்துக்கு 10 வாங்குகிறீர்கள் என்று வையுங்கள், எந்தப் பணமாகவும் இருக்கட்டும். ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 12 டிக்கெட் விழுகிறது. 1000 டிக்கெட் ரோபோவை நீங்கள் 200க்கு வாங்கியிருந்தால், ஒரு டிக்கெட்டின் அடக்கம் 0.20. ஆக, ஒவ்வொரு ஆட்டத்திலும் 2.40 பரிசாகத் திரும்பிப் போகிறது. அதாவது 24 சதவீதம். டிக்கெட் விளையாட்டுகளுக்கு 20 முதல் 30 வரை வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம், அதனால் நீங்கள் சரியான இடத்தில்தான் இருந்திருக்கிறீர்கள். அதே ரோபோவை 1500 ஆக்கியதும் டிக்கெட்டின் அடக்கம் 0.13 ஆகிவிட்டது. திரும்பிப் போவது 16 சதவீதம். மெஷினில் எதையும் தொடவில்லை, ஆட்டத்தின் விலையையும் ஏற்றவில்லை. ஆனால் குழந்தையின் கைக்குப் போய்ச் சேருவதில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டீர்கள்.

இது உடனே தெரியாது என்பதுதான் இதில் உள்ள வம்பு. விலையை ஏற்றினால் அன்றைக்கே யாராவது முகம் சுளிப்பார்கள். டிக்கெட் விஷயம் அப்படி இல்லை. முதல் தடவை வரும் குடும்பம் விளையாடிவிட்டு, டிக்கெட்டைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று போகிறது. இரண்டாவது தடவை இன்னும் கொஞ்சம் சேர்க்கிறது. மூன்றாவது தடவைதான் கவுண்டருக்கு வந்து எண்ணிப் பார்க்கிறது. அதற்குள் சில மாதம் ஓடிவிடும். பரிசுச் செலவு குறைந்தது முதல் மாதமே கணக்கில் தெரிந்திருக்கும், உங்களுக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். கூட்டம் குறைந்தது ரொம்பப் பின்னால் தெரிந்ததால் இரண்டையும் நீங்கள் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

அந்த அப்பா சத்தம் போட்டிருந்தால்கூட நல்லது. சத்தம் போடுகிறவரைச் சமாதானப்படுத்தலாம். பேசாமல் போகிறவர், பிள்ளைகள் கூடப் படிக்கும் வீடுகளிலெல்லாம் சொல்லிவிடுவார். அந்தச் சிறுமி திரும்ப வந்தால் ரோபோவை 1000 டிக்கெட்டுக்கே கொடுத்துவிடுங்கள். அவளுக்கு மட்டும் கொடுத்தாலும் போதாது. இன்ன தேதிக்கு முன் வாங்கிய டிக்கெட் எல்லாவற்றுக்கும் பழைய கணக்கே செல்லும் என்று பலகை எழுதி வையுங்கள். டிக்கெட்டில் தேதி அச்சிடாமல் இருந்தால் யாரிடம் எது பழையது என்று பிரிக்க முடியாது. அப்போது எல்லாப் பரிசுக்கும் பழைய எண்ணிக்கைக்கே திரும்பிவிடுவதுதான் சுலபம். செலவு நிஜமாகவே கட்டுப்படியாகவில்லை என்றால் ஆட்டத்தின் விலையைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கண்ணுக்குத் தெரியும் விலையேற்றத்தை ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார்கள். சேர்த்து வைத்த டிக்கெட்டின் மதிப்பைக் குறைத்தால் ஏமாற்றிவிட்டதாகத்தான் நினைப்பார்கள்.

ஊரில் உள்ள வீடுகளின் அலமாரிகளில் கிடக்கும் டிக்கெட் எல்லாம் நீங்கள் இன்னும் கொடுக்காத பரிசு. கணக்கு எழுதுகிறவரிடம் அதைக் கடனாகத்தான் காட்டச் சொல்ல வேண்டும். அதில் ஒரு பகுதி திரும்பி வராது என்பது உண்மைதான். ஆனால் அதை லாபமாக நினைத்துச் செலவு செய்கிற முதலாளி, ஒரு விடுமுறைக் காலத்தில் எல்லோரும் ஒன்றாகக் கவுண்டருக்கு வரும்போது திண்டாடுவார்.

அடுத்து, கவுண்டருக்கு வெளியே ஒரு குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து நின்று பாருங்கள். தயங்காமல் சொல்கிறேன், நிறைய கவுண்டர்களில் குழந்தையின் கண்ணுக்கு எதிரே இருப்பது வெறும் பிளைவுட். நல்ல பொருளெல்லாம் பின்சுவரில், மேல் தட்டில். கண்ணாடிப் பெட்டிக்குள் 20 டிக்கெட் மிட்டாயும் 30 டிக்கெட் மோதிரமும். மேலே 1000 டிக்கெட் ரோபோ. நடுவில் ஒன்றுமே இருக்காது. உங்கள் கார்டு சிஸ்டத்தில் ஒரு குடும்பம் ஒரு தடவைக்குச் சராசரியாக எத்தனை ஆட்டம் ஆடுகிறது என்ற விவரம் இருக்கும். 15 ஆட்டம் என்றால் 180 டிக்கெட் வரும். அப்படியானால் 100க்கும் 250க்கும் இடையில் ஏழெட்டுப் பொருளாவது, குழந்தை நிஜமாக ஆசைப்படும் பொருளாக இருக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் வழியிலேயே உடைந்துபோகும் சாமானை வைக்காதீர்கள். பெரிய பரிசுகளில் டிக்கெட்டின் மதிப்பைச் சற்றுக் கூடுதலாகவும், சின்னதில் சற்றுக் குறைவாகவும் வைத்தால் சேர்த்து வைக்கும் ஆசை வரும். சராசரி அதே 24 சதவீதத்தில் நின்றால் போதும்.

சரி, கிளா மெஷின். மேனேஜர் சொல்லும் டைட் என்ன என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். பொம்மை கிடைப்பதை அரிதாக்குவதுதான் அது, பிடியை இறுக்குவது இல்லை. பொம்மையைப் பிடிக்கும் நகத்தை மூடுவது ஒரு மின்காந்தச் சுருள். அதற்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டினால் பிடி இறுகும், குறைத்தால் தளரும். இப்போதைய மெஷின்களில் பொம்மையைப் பிடிக்கும்போது ஒரு பலம், மேலே தூக்கிய பிறகு ஒரு பலம் என்று தனித்தனியாக வைக்கலாம். இத்தனை ஆட்டத்துக்கு ஒரு தடவை முழுப் பலம் என்று பலவற்றில் அமைக்கவும் முடியும். பொம்மையின் அடக்கம் 40, ஆட்டம் 10 என்றால், 16 ஆட்டத்துக்கு ஒரு பொம்மை போனால் 25 சதவீதம். மேனேஜர் அதை 30க்கு ஒன்று ஆக்கச் சொன்னால் 13 சதவீதம். டிக்கெட்டில் நடந்த அதே கதை, இன்னும் மோசமாக. டிக்கெட் கணக்கு மறைவாக இருக்கிறது. நகம் பொம்மையைத் தடவிவிட்டு வெறுங்கையோடு மேலே வருவதை வரிசையில் நிற்கும் எல்லோரும் பார்க்கிறார்கள்.

டைட் வைப்பதற்குப் பதிலாக மெஷினைத் திறந்து பொம்மைகளைப் பாருங்கள். விளிம்பு வரை அழுத்தி அடுக்கியிருந்தால், என்ன பலம் வைத்தாலும் ஒன்றை உருவ முடியாது. பக்கத்துப் பொம்மைகள் விடாது. கொஞ்சம் குறைவாகப் போட்டு, தளர்வாக, கை கால் மேலே தெரியும்படி வையுங்கள். ஒரு குழந்தை ஏழெட்டுத் தடவை தோற்றுவிட்டு நின்றால், பக்கத்தில் இருக்கும் ஊழியர் கதவைத் திறந்து ஒரு பொம்மையை, அது விழ வேண்டிய குழிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைக்கலாம். அதற்கு அவருக்கு அனுமதி கொடுத்து வையுங்கள், ஒவ்வொரு தடவையும் மேனேஜரைத் தேடி ஓட வேண்டியதில்லை. நான்கில் ஒன்றை வாசல் பக்கம் போடுங்கள். கையில் பொம்மையோடு மாலுக்குள் சுற்றும் குழந்தையை விட மலிவான விளம்பரம் கிடையாது.

கிளா மெஷினைத் தொடும் முன் சட்டத்தையும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்விதான் பல நாடுகளில் ஒரு மெஷினை விளையாட்டு, சூதாட்டம் என்று பிரிக்கிறது. நியூயார்க்கில், மெஷினுக்குள் பந்தைத் தட்டி விளையாடும் பின்பாலையே 1942இல் சூதாட்டம் என்று தடை செய்தார்கள். 1976இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றக் குழுவுக்கு முன்னால், பந்து எந்த வழியாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லி அடித்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் தடை நீங்கியது. பிரிட்டனில் 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்திலேயே குடும்பக் கேளிக்கை மையங்களுக்குத் தனி வகை உண்டு, அங்கே கிளா மெஷினும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது. நகம் எப்போது பிடிக்க வேண்டும் என்பதை முழுக்க மெஷினே முடிவு செய்யும்படி வைத்தால், திறமை விளையாட்டு என்று சொல்லிக்கொள்ள உங்களுக்கு வாய் இருக்காது. உங்கள் இடத்தில் என்ன விதி என்று ஒரு வக்கீலிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வி.ஆர். அதன் மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. உங்கள் கடைக்கு, இந்த நேரத்தில், கடனில் வேண்டாம் என்கிறேன். விற்பனைக்காரர் ஒரு நாள் வருமானம் என்று காட்டும் தாள் பெரும்பாலும் சனிக்கிழமை மாலையின் தாள். நீங்களே கடிகாரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஆட்டம் 5 நிமிடம். நான்கு பேருக்கு ஹெட்செட் மாட்டி, பெல்ட் போட்டு, விளக்கி, முடிந்ததும் கழற்றித் துடைக்க இன்னொரு 5 நிமிடம். மணிக்கு 6 சுற்று, இருக்கை நிரம்பினால் 24 ஆட்டம். அதற்கு மேல் எவ்வளவு கூட்டம் வந்தாலும் வரிசைதான் நீளும். நாள் முழுக்க ஒரு ஆள் அங்கேயே நிற்க வேண்டும், வார நாட்களில் சும்மா நிற்பதற்கும் அவருக்குச் சம்பளம் உண்டு. வரிசைக்கு விடும் இடத்தையும் சேர்த்தால் மூன்று நான்கு சாதாரண மெஷினின் தரை போய்விடும். இன்னொன்று, ஹெட்செட் தயாரிப்பாளர்கள் 10, 12, 13 என்று ஏதாவது ஒரு குறைந்தபட்ச வயது சொல்கிறார்கள். உங்களிடம் சின்னக் குழந்தை ரைடு ஓடுகிறது, ரோபோ கேட்டுச் சிறுமி வருகிறாள். உங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அந்த வயதுக்குக் கீழே இருப்பார்கள். அண்ணன் உள்ளே போக, தம்பி வெளியே அழுதுகொண்டு நிற்பான்.

ஒரு மெஷினின் விலையை, அது வாரத்துக்குத் தரும் நிகர வருமானத்தால் வகுத்துப் பாருங்கள். நிகரம் என்றால் வரி, பரிசு, ஆள் கூலி, ரிப்பேர், அது நிற்கும் தரையின் வாடகை எல்லாம் போக. ஒன்றரை வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பாத மெஷினைக் கடனில் வாங்க நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆசை தீரவில்லை என்றால் வருவாய்ப் பங்கில் வைக்க ஒத்துக்கொள்ளும் சப்ளையரைத் தேடுங்கள். மெஷின் அவருடையது, தரையும் மின்சாரமும் உங்களுடையது, வருமானத்தைப் பிரித்துக்கொள்வீர்கள். மூன்று மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். தன் மெஷின் அவ்வளவு சம்பாதிக்கும் என்று அவர் நிஜமாகவே நம்பினால் இதற்குச் சம்மதிப்பார். மறுத்தால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்.

இந்தத் தொழிலின் பழைய கதையைக் கொஞ்சம் பார்த்தாலே எது நிற்கிறது, எது போகிறது என்று புரியும். பந்தைச் சரிவில் உருட்டி வளையத்துக்குள் விழவைக்கும் ஸ்கீ பால் 1908இல் காப்புரிமை பெற்றது, இன்றைக்கும் ஓடுகிறது. ஏர் ஹாக்கி 1970களின் தொடக்கத்தில் வந்தது, அதுவும் ஓடுகிறது. ஆனால் 1978இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸும் 1980இல் பேக்மேனும் என்ற வீடியோ விளையாட்டுகள் கொண்டுவந்த பெருங்கூட்டம் சில வருடத்திலேயே கலையத் தொடங்கியது. அதே திரை வீட்டுக்குள் வந்த பிறகு அதற்காக வெளியே வர வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. 1998இல் கொனாமி கொண்டுவந்த, மேடையில் ஏறி இசைக்கு ஏற்பக் காலால் மிதித்து ஆடும் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் வீடுகளில் கன்சோல்கள் நிறைந்திருந்த காலத்திலேயே கேம் சென்டர்களில் வரிசையை உண்டாக்கியது. அந்த உறுதியான மேடையும், சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டமும் வீட்டில் கிடைக்காதே. ஹெட்செட் வீட்டுக்கு வந்துவிட்டது. அசையும் இருக்கை மட்டும்தான் இன்னும் பெரும்பாலான வீடுகளுக்கு வரவில்லை.

வீடியோ கேம் கம்பெனியான அடாரியைத் தொடங்கியவர்களில் ஒருவரான நோலன் புஷ்னெல் 1977இல் அமெரிக்காவின் சான் ஹோசேயில், பீட்சாவும் விளையாட்டும் சேர்ந்த சக் இ. சீஸின் முதல் கடையைத் திறந்தார். பீட்சா வரும் வரை குடும்பம் காத்திருக்கும், அந்த நேரத்தில் குழந்தைகள் விளையாடும் என்பது அதன் அமைப்பு. பெரிய யோசனைதான். இருந்தும் வேகமாகப் பெருகிய அந்தக் கம்பெனி 1984இல் திவாலானது, வேறொரு நிறுவனம் வாங்கி நடத்தியது. யோசனை நல்லதாக இருந்தாலும் கடன் கழுத்தைப் பிடிக்கும். அவருக்கே அந்தக் கதி.

ரிப்பேரில் நிற்கும் ஐந்து மெஷினைப் பற்றி நீங்கள் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது உறுத்துகிறது. 40இல் 5 என்றால் எட்டில் ஒன்று. அந்த மெஷின்களை இன்றைக்கே தரையிலிருந்து எடுத்துப் பின்னறைக்குத் தள்ளுங்கள். ‘வேலை செய்யவில்லை’ என்ற பேப்பர் ஒட்டிய மெஷின், பக்கத்தில் நன்றாக ஓடும் மெஷினையும் சந்தேகப்பட வைக்கும். பெரும்பாலான கோளாறு பெரிய கோளாறாக இருக்காது. உதாரணமாக டிக்கெட் பெட்டியைத் திறந்து பாருங்கள். டிக்கெட்டின் ஓரத்தில் உள்ள வெட்டு ஒரு சின்ன ஒளி சென்சாரைத் தாண்டும்போதுதான் மெஷின் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறது. காகிதத் தூள் அந்த சென்சாரில் படிந்தால் எண்ணிக்கை தப்பும். சில சமயம் டிக்கெட் கொட்டும், சில சமயம் வரவே வராது. ஒரு பிரஷ்ஷால் துடைத்தால் சரியாகிவிடும். பொத்தானுக்குக் கீழே இருக்கும் மைக்ரோ சுவிட்ச், பல்பு, பெல்ட், கார்டு ரீடர் ஒன்று, இதெல்லாம் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். காலையில் கதவைத் திறக்கும் முன் ஒரு ஊழியர் எல்லா மெஷினிலும் ஒரு ஆட்டம் ஆடி நோட்டில் குறிக்க வேண்டும். முக்கால் மணி நேர வேலை. உங்கள் ஆட்களுக்கு இது பிடித்த வேலையாகவும் இருக்கும்.

வார நாட்களுக்குப் பெரிய மந்திரம் எதுவும் கிடையாது. பிறந்தநாள் பார்ட்டியும் பள்ளிக் குழுக்களும்தான் அந்த நேரத்தை நிரப்பும், ஏனென்றால் அவை முன்பதிவில் வருகின்றன, ஆளையும் சாப்பாட்டையும் திட்டமிட முடியும். ஒரு மணி நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம் என்று கார்டு போடுவதானால் ரேஸிங், ஏர் ஹாக்கி, வீடியோ விளையாட்டுகளுக்கு மட்டும் போடுங்கள். டிக்கெட் மெஷினையும் அதில் சேர்த்தால் இரண்டு கெட்டிக்காரப் பையன்கள் உங்கள் கவுண்டரையே காலி செய்துவிடுவார்கள். அப்புறம், பெற்றோர் உட்கார நாற்காலி இருக்கிறதா? குழந்தை தெரியும்படி, முதுகு சாயும்படி? அம்மா நின்றுகொண்டே இருந்தால் அரை மணி நேரத்தில் கிளம்பலாம் என்பார்.

மால் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். வருவாயில் பங்கு என்பது உங்களுக்குக் கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். கூட்டம் குறைந்த மாதத்தில் வாடகையும் குறையும் என்றால் அது உங்களுக்குக் காப்பு. ஆனால் அவர்கள் வழக்கமாகக் கேட்பது, குறைந்தபட்ச வாடகை அல்லது வருவாயில் இத்தனை சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. அப்படியானால் நஷ்டம் முழுக்க உங்களுடையது, லாபத்தில் மட்டும் அவர்களுக்குப் பங்கு. குறைந்தபட்சத்தை இப்போதைய வாடகையை விட நன்றாகக் கீழே இறக்கச் சொல்லிப் பேசுங்கள், அதற்கு ஒத்துக்கொண்டால் மட்டும் சதவீதத்தைப் பற்றிப் பேச்சு.

வருவாய் என்றால் என்ன என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கார்டில் பணம் ஏற்றும்போதே வருவாயா, ஆடும்போது வருவாயா? ஏற்றிய நாளில் கணக்கிட்டால், இன்னும் ஆடாத பணத்துக்கும் திருப்பிக் கொடுத்த பணத்துக்கும் பங்கு கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். ஆடும்போது என்று வையுங்கள், வரியைக் கழித்துவிட்டு. நாளைக்கு வருவாய்ப் பங்கில் சப்ளையர் மெஷின் வைத்தால் அதில் உங்கள் பாகம் மட்டும்தான் உங்கள் வருவாய் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டு, சப்ளையருக்குப் போகும் பணத்துக்கும் மாலுக்குப் பங்கு கட்டியவர்களை எனக்குத் தெரியும். மாலின் ஏ.சி. நேரம், வெளியில் பெயர்ப்பலகை, பின்னறை எல்லாம் இந்தப் பேச்சுவார்த்தையில் கேட்டால்தான் கிடைக்கும்.

அந்த இரண்டு கார் ரேஸ் மெஷினும் தனித்தனி மூலையில் இருந்தால், ஒன்றோடொன்று இணைக்கும் வசதி இருக்கிறதா என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள். இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கேபிளை இணைத்துவிடுங்கள். தனியாக நிற்கும் மெஷினில் பையன் ஆடுவான், அப்பா கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். இணைத்துப் போட்டால் அப்பாவும் உட்காருவார், தோற்றவர் இன்னொரு ஆட்டம் கேட்பார். செலவு ஒரு கேபிளும் ஒரு மதிய வேலையும். இதையும், பரிசு மாற்றத்தையும் செய்துவிட்டு மூன்று மாதத்துக்கு மெஷின் வாரியாக ஆட்டக் கணக்கை எடுத்து அனுப்புங்கள். வி.ஆர். பற்றி அதைப் பார்த்துப் பேசலாம்.